டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு தனியாளாக இணையத்தளம் வடிவமைக்கும் எனக்கு, வேலை பெரும்பாலும் வாய்ச்சொல் வழியாகவே வருகிறது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். ஒருவரிடம் நான் செய்யும் பிழை, ஒட்டுக்கடைத் தேநீர் ஆறுவதற்குள் இன்னொருவர் காதுக்குப் போய்விடும்.

சென்ற ஆண்டு, முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஓர் அக்கா, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் தம் தளம் திறக்கவில்லை என்று வந்தார். விசாரித்ததில், முன்பு தளம் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தார். இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. டாட் காம் முகவரி காலாவதியானால், பதிவு நிறுவனம் அதை 45 நாள் வரை வைத்திருக்கலாம். நீக்கிய பிறகும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. அதன்பின் 5 நாள் கழித்து எவரும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த அவகாசமெல்லாம் பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான். “தம்பி, வருசா வருசம் காசு கட்டினேனே, அது எப்படி என்னுடையது இல்லாமல் போகும்?” என்று அக்கா கேட்டபோது, என்னிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் அவர் செய்திருந்த வணிகப் பதிவைக் காட்டி டாட் காம் டாட் எம்ஒய் முகவரி வாங்கினோம். அச்சடித்து வைத்திருந்த பொட்டல ஒட்டிகளின்மேல் புது முகவரியை அவர் பிள்ளைகள் உட்கார்ந்து ஒட்டினார்கள்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பால் நிறுக்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணியின் புத்தகத்தில் ஏறிய எடைதான் கணக்கு என்பதால், தமக்கென ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். அந்த நோட்டின் நினைவாலோ என்னவோ, டொமைனை வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி முதல் நாளே கையில் கொடுத்துவிடுகிறேன். பாக்கி தராதவர் ஓடிவிடுவார் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். இருவர் அப்படி ஓடியும் இருக்கிறார்கள்.

நானும் தூயவன் அல்லன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்தே, தளத்துக்கான இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையில் ஒருமுறை அமைத்துவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். தொழில் தொடங்கிய காலத்தில் அதற்கு ஆண்டுக்கு 80 வெள்ளி என்று இருவருக்குப் பில் எழுதினேன். பிறகு வெட்கப்பட்டு, அடுத்த பில்லில் கழித்துக்கொண்டேன். ஏன் கழித்தேன் என்பதை ஒருவரிடம் மட்டுமே சொல்ல முடிந்தது.

கூகுளில் என் பெயருக்குக் கீழே ஓர் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு உண்டு. வெவ்வேறு கணக்குகளிலிருந்து தம் கடைக்கு ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் பத்தை எழுதித் தரும்படி ஒருவர் கேட்டார்; நான் மறுத்ததால் அவர் கொடுத்தது அது. நண்பர்கள் ஆளுக்கொன்று எழுதி அதை அமுக்கிவிடுவதாகச் சொன்னார்கள். நான் மறுத்த காரியமே அதுதான் என்பது அவர்களுக்கு வேடிக்கையாகப் பட்டது. நடந்ததை இரண்டு வரியில் பதிலாக எழுதி விட்டுவிட்டேன்.

போன வாரம் லாரி வைத்திருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு அழைத்தார். “எழுதிக் கொடுத்திருந்தா என்ன தம்பி, எல்லாரும் செய்யறதுதானே?” என்றார். விளக்கினேன். யோசித்துச் சொல்வதாக வைத்தவர் இன்னும் அழைக்கவில்லை.