மணலை நனைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்

சிங்கப்பூரின் மரீன் பரேடில் இன்று குடியிருக்கும் பலருக்கு அது கடலாக இருந்த இடம் என்ற நினைப்பே வருவதில்லை. கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் வேலை 1966-இல் தொடங்கியது. 1960-களில் 580 சதுர கிலோமீட்டர் சொச்சம் இருந்த சிங்கப்பூர் இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. அப்படிச் சேர்ந்த நிலத்தில் பெரும்பங்கு கொட்டிய மணல்தான். மண் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால், மணலைப் பாலிமர், அதாவது பசைபோல் பிடிக்கும் பொருள், போட்டுக் கெட்டியாக்கலாம் என்று யார் சொன்னாலும் நின்று கேட்பேன்.

கொட்டிய மணலில் குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. நிலத்தில் துளைத்த போர்ஹோலில் 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போடுவோம். 30 சென்டிமீட்டர் இறங்கப் பத்து முறைகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை என்றால் அது தளர்ந்த மணல். திறந்த வெளியென்றால் அதிர்வுக் கருவியை இறக்கி இறுக்கிவிடலாம். சாங்கி கிழக்கில் அப்படித்தான் செய்தார்கள். பக்கத்திலேயே ஒரு பழைய கட்டடமோ எம்ஆர்டி ரயில் சுரங்கமோ இருந்தால் அதிர வைக்க முடியுமா? அங்கேதான் பாலிமருக்கு வேலை. திரவமாகச் செலுத்தினால் இடுக்குகளில் புகுந்து, குருணைகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் பிடித்து இறுகும். பாலியூரித்தேன் என்ற செயற்கை ரகம் என்றால் சில நிமிடங்களிலேயே. மணலில் வண்டலும் களிமண்ணும் அதிகம் கலந்திருந்தால் உள்ளே போகவே போகாது.

இப்போது எல்லோரும் விரும்புவது இயற்கைப் பாலிமர்களான பிசின்களை. அதில் ஒன்று குவார் பிசின், கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. சிமென்டைக் குறைக்கலாம் என்பதால் எனக்கும் ஆசைதான். அதை மணலில் கலந்து 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரத்தில் உருளை செய்து காய வைத்தோம். நகத்தால் கீறினால் பொடிகூட உதிரவில்லை. பிறகு தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். முதலில் பக்கவாட்டில் குமிழிகள். அடிவிளிம்பு வழவழவென்று ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, தட்டில் கொழகொழவென்று மணல்.

"அக்கா, நேத்து கல்லு மாதிரி இருந்துச்சே!" என்றான் உடன் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி.

காய்ந்த நிலையில் எடுத்த பலத்தை மட்டும் பெரிதாகப் போட்டு அஸ்திவாரத்துக்கு ஏற்றது என்று விற்கிறவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. கரையோர அஸ்திவாரம் நிலத்தடி நீரில் உட்கார்ந்திருக்கும், ஓதம் ஏற இறங்க நனைந்து காயும். அங்கே ஊறிய பிறகு மிஞ்சும் பலம்தான் கணக்கு. புழுதி அடங்கவும், புல் பிடிக்கும்வரை சரிவைக் காக்கவும் இந்தப் பிசின்கள் அருமையானவை. அதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நீரில் கரையாத செயற்கை ரகங்களுக்கு வேறு கவலை. சுவீடனில் ஹாலன்ட்சோஸ் சுரங்கத்தில் 1997-இல் செலுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு என்ற நச்சு கசிந்து மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. பாலியூரித்தேனில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். பம்பைப் பிடித்து நிற்பது பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள். தம்பிகளா, சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் சரியான மூச்சுக்கவசம் இல்லாமல் டிரம்மைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. பல இடங்களில் இந்த மணலுக்கு அடியில் மெத்தென்ற கடல் களிமண் இருக்கிறது. மேலே மணலை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் களிமண் அமுங்குவது நிற்காது. உயரக் கட்டடம் என்றால் பைல், அதாவது ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண், அதையும் தாண்டிக் கெட்டி மண்வரை போயே ஆக வேண்டும்.