விசாரிப்பு

ஜூன் 1, ஞாயிறு

ஆராதனை முடிவில் ஆயர் அறிவித்துவிட்டார். ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தனியாக இருக்கும் முதியவர்களை இனி புதன்தோறும் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம். பொறுப்பு என்னிடம். சபைப் பதிவேட்டைப் புரட்டி, பெண்கள் சங்கத்தில் கேட்டு, இரவுக்குள் 38 பெயர் சேர்த்துவிட்டேன். ஆளுக்கொரு படிவமும் தயார்: வயது, நோய், மருந்து, உறவினர் எண் என்று 14 கேள்விகள்.

ஜூன் 4, புதன்

ஒன்பது வீடுகள் முடிந்தன. ஆனால் மனசு சரியில்லை. படிவத்தை விரித்ததும் எல்லாருமே நிமிர்ந்து உட்கார்ந்து, அளந்து அளந்து பதில் சொன்னார்கள். ஒரு தாத்தா, "கையெழுத்து எங்கே போடணும்மா?" என்று கேட்டார்.

கடைசி வீட்டிலிருந்து இறங்கும்போது படிக்கட்டில் ஓர் அக்கா நிறுத்தினார். "மேல் மாடியில ஒரு பாட்டி இருக்காங்க. கோயில்காரங்க எல்லா வீட்டுக்கும் வர்றாங்களாம்னு கேள்விப்பட்டு, காலையிலருந்து கதவைத் திறந்து வெச்சு உட்கார்ந்திருந்தாங்க. நீங்க கீழ் வீட்டோட இறங்கிட்டீங்களே."

பட்டியலில் அந்தப் பாட்டி இல்லை. நம் சபையில் இல்லாதவர், நம் சபையார் யாருக்கும் தெரியாதவர். பட்டியல் போட்டது நான்தான்.

ஜூன் 5, வியாழன்

தூக்கம் வரவில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்தேன். எருசலேமில் இருந்த முதல் கிறிஸ்தவ சபையான ஆதிச்சபையிலும் இதேதான். அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்கரானவர்கள், அதாவது கிரேக்கம் பேசிய யூத விசுவாசிகள், முறையிட்டார்கள். அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான், ஆனால் இந்தப் பெயர்களில் நான் நின்றதில்லை. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் போல.

அப்புறம் அந்த 'விசாரணை' என்ற சொல். இன்றைக்கு அதைக் கேட்டால் காவல் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. நம் வேதாகமத்தில் அது பராமரிப்பு. யாக்கோபு 1:27லும், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் "விசாரிக்கிறது" என்றுதான் இருக்கிறது. வீட்டிலும் அப்படித்தானே பேசுகிறோம், "அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு" என்று. நேற்று நான் 14 கேள்வி கேட்டேன். யாரையும் விசாரிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கமிட்டி. படிக்கட்டு அக்காவைக் குழுவில் சேர்க்கலாம் என்றேன். "அவங்க சபைக்கே வராதவங்களாச்சே" என்றார் ஒரு மூப்பர். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஊழியம் ஊழியமாகவே இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஜெபம் நடத்துவது நம் ஆட்கள், வீடு காட்டுவதும் கூட வருவதும் அக்கா என்று ஆயர் முடித்து வைத்தார். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னார்: உதவியைத் தூண்டிலாக்கக் கூடாது, கேட்காத வீட்டில் ஜெபத்தைத் திணிக்கக் கூடாது. எனக்கு அது பெரிய நிம்மதி.

ஜூன் 11, புதன்

படிவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அக்கா முன்னால் நடந்தார். நம் பட்டியலில் இல்லாத ஏழு வீடுகளை ஒரே காலையில் காட்டினார்.

பாட்டி வீட்டில் முக்கால் மணி நேரம் இருந்தோம். மாடி ஏறிய மூச்சிரைப்பில் நான்தான் முதலில் தண்ணீர் கேட்டேன். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இரத்த அழுத்தம் பார்த்தபோது 172/100. பேசிக்கொண்டே பார்த்தால் கூடுதலாகக் காட்டும். அதனால் நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னோம். மறுபடி பார்த்தபோதும் 164/98, அதிகம்தான்.

மாத்திரை? "நல்லாத்தானே இருக்கேன்னு நிறுத்திட்டேன்மா." இந்த நோயின் ஆபத்தே இதுதான். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போவதாக அக்கா ஏற்றுக்கொண்டார்.

கிளம்பும்போது, "ஜெபம் பண்ணட்டுமா பாட்டி?" என்றேன். சற்று யோசித்து, "வேண்டாம்மா. ஆனா அடுத்த புதன் வந்துடு" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து ஜெபித்தேன்.

ஜூன் 18, புதன்

மருத்துவர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அக்கா காலை உறையில் சூரியனும் இரவு உறையில் பிறையும் வரைந்து வைத்திருந்தார். பிரித்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் விடுபடவில்லை. இன்று 148/90.

பேச்சோடு பேச்சாகப் பாட்டி சொன்னார்: "பின் தெருவில ஒருத்தர் படுத்தே கிடக்காராம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. வீட்டு அடையாளம் கேட்டு எழுதிக்கொண்டேன்.