தரம் 2 பிள்ளையளுக்குத் தாளத்தோட உடற்கல்வி எடுக்கப்போற ஆக்களுக்கு

கற்பித்தல் பயிற்சிக்குப் போகப்போற தங்கச்சிமார், தம்பிமார் கன பேர் கேக்கினம், சின்னாக்களுக்கு தாளத்துக்கு அசையிற பாடத்தை எப்பிடி எடுக்கிறதெண்டு, அதுக்குத்தான் இதை எழுதுறன். எனக்கு முதல் மேற்பார்வைப் பாடமே அதுதான். பாடக்குறிப்பு வடிவா எழுதி, வெறும் பால்மா ரின்னும் ரெண்டு தடியும் கொண்டுபோய், ஒண்டு ரெண்டு மூண்டு நாலெண்டு நிதானமா அடிச்சன், ஒரு பிள்ளையும் தாளத்தில நடக்கேல்ல, அரைவாசிப் பேர் முன்னுக்கு ஓடீட்டினம், நான் இன்னும் சத்தமா அடிக்க அது இன்னும் குழம்பிப்போச்சு.

பாடம் முடிய, மேற்பார்வைக்கு வந்த சேர் ஒண்டே ஒண்டுதான் கேட்டவர், "பிள்ளை, நீங்கள் அடிச்சது உங்கட நடையையோ அவையின்ர நடையையோ?"

அப்பதான் விளங்கினது. சின்னக் கால், எட்டு கிட்டக் கிட்ட விழும், அவையின்ர இயல்பான வேகம் எங்கடயை விடக் கூட. மெதுவா நடக்கிறதெண்டா ஒரு கால்ல கூட நேரம் நிக்கோணும், ஆறு ஏழு வயசில அது லேசில்ல.

அடுத்த கிழமை ரின்னைக் கையிலயே எடுக்கேல்ல. வேப்பமரத்தைச் சுத்திச் சும்மா நடக்க விட்டு, ஒரு பிள்ளையின்ர காலைப் பார்த்து அந்தக் காலுக்குக் கை தட்டினன், மற்றவை தங்கட பாட்டில வந்து சேர்ந்திட்டினம். அதுக்குப் பிறகுதான் ரின், வேகத்தைக் கூட்டுறது குறைக்கிறது எல்லாம். சத்தம் நிண்டா சிலை மாதிரி நிக்கோணுமெண்டு சொல்லிப் பாருங்கோ, அவைக்குச் சரியான புழுகம்.

எழுத்துச் சோதினைக்கு: நடத்தல், ஓடுதல், கெந்துதல், பாய்தல் சீரான சந்தம். குதிரைப் பாய்ச்சல், பக்கவாட்டுச் சறுக்கல், ஸ்கிப்பிங் (கயிறடிக்கிறதில்ல, ஒரு காலை வச்சு அதே கால்ல கெந்தி, பிறகு மற்றக் கால் எண்டு மாறி மாறிப் போறது) மூண்டும் சீரற்ற சந்தம், ஒரு அடி நீண்டும் மற்றது குறுகியும் வரும். எமில் ஜாக் டால்குரோஸ் (1865–1950) பேரையும் வச்சிருங்கோ, இசையை முதல் உடம்பால நடந்து படிக்கோணும் எண்டு ஜெனீவாவில செய்து காட்டினவர்.

ஸ்கிப்பிங்கை கடைசிக்கு வையுங்கோ, குதிரைப் பாய்ச்சல் முதல் வரும். என்ர வகுப்பில ஒரு பெடியன் எப்பவும் வலது காலைத்தான் முன்னுக்கு வைப்பான், கால் மாறவே மாறாது. நான் அவன்ர கையைப் பிடிச்சு "வை-கெந்து, வை-கெந்து" எண்டு வாயால சொல்லிக்கொண்டு மெல்லமாப் போனன், அவனும் சொல்லத் தொடங்கினான், மூண்டாம் நாள் கையை விட்டிட்டுப் போட்டான், எனக்குக் கண் கலங்கீட்டுது.

இன்னொண்டு கட்டாயம் கவனியுங்கோ. தகதிமிக்கு (நாலெண்ணிக்கை) நடந்தா முதல் எண்ணிக்கையின்ர அழுத்தம் எப்பவும் ஒரே கால்ல விழும், தகிடவுக்கு (மூண்டெண்ணிக்கை) நடந்தா ஒருக்கா வலது ஒருக்கா இடது. அதாலதான் தகிடவில தடுமாறுவினம், அது அவையின்ர கவனக்குறைவில்ல, ஏசாதேங்கோ. நீங்கள் முதல் வீட்டில நடந்து பாருங்கோ. கோயில்ல காவடி ஆடுற பிள்ளை ஒண்டு வகுப்பில இருந்தா அதை முன்னுக்கு விடுங்கோ, தவிலுக்குப் பழகின காலைப் பார்த்து மற்றவை பிடிச்சிடுவினம்.

கோலாட்டத்தை இந்த வயசுக்கு தடியோட செய்யாதேங்கோ, விரல்ல படும், பேப்பரைச் சுருட்டிக் குடுங்கோ. பாடத்தை முதலாம் ரெண்டாம் பாடவேளைக்குள்ள எடுங்கோ, பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும், கன பிள்ளையள் வெறுங்காலோடதான் நிப்பினம்.