வேங் கயிறு

ஜனவரி 6
வாடை நல்லா தள்ளுது. பாய்மரப் படகு பிராக்டிஸ். மேல் மார்க்ல (காத்து வர்ற பக்கத்து மிதவை) மூணாவது, கீழ் மார்க்ல ஏழாவது. இன்னிக்கும் அதே.

ஜனவரி 7
தூக்கம் வரல. காத்தை எதிர்த்து போறப்ப யாரும் என்னைத் தொட முடியல, மேல் மார்க்கைச் சுத்தினதும் பின்னாடி இருந்தவங்க ஒவ்வொருத்தரா தாண்டிப் போறாங்க, சத்தமே இல்லாம. பாய் மேல பழி போட முடியாது, நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போனது இதே 5.76 சதுர மீட்டர் பாய் கிளாஸ்லதான். தப்பு வேங்லதான், பாயோட அடிக்கட்டையைக் கீழ இழுத்துப் பிடிக்கிற கயிறுல. மெயின்ஷீட்டை (பாயை உள்ள இழுக்கிற கயிறு) கப்பியும் கப்பியும் தொடுற வரை இழுத்துட்டு வேங்ல இருக்கிற தொய்வை எடுத்தா நிக்கிற இடத்துல சிவப்பு மார்க்கர்ல ஒரு கோடு போட்டிருக்கேன், ரன்ல, அதாவது காத்தோட போறப்ப, அதுலேர்ந்து ஒரு விரல் அளவுதான் விடுறேன். அதுக்கு மேல விட பயம். விட்டா பாயோட தலை மாஸ்ட்டைத் தாண்டி முன்னாடி முறுக்கிக்கும், போட் காத்து வர்ற பக்கமா சாயும், ரெண்டாவது ஆட்டத்துல நாம தண்ணிக்குள்ள. போன மாசம் அப்படித்தான் விழுந்தேன்.

ஜனவரி 8
அப்பாவோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரல.

ஜனவரி 10
ரெண்டு விரல் விட்டேன். பாயோட முன்விளிம்பைக் கீழ இழுக்கிற டவுன்ஹால் கயிறு முழு லூஸ், தண்ணிக்குள்ள இறங்குற டாகர்போர்டு பலகை ஒரு ஜாண் மேல (அதுக்கு மேல தூக்கினா, ஜைப் பண்ணி பாயை அடுத்த பக்கம் மாத்தறப்ப வேங்ல இடிக்கும்). மேல் பேட்டன்கிட்ட (பாய்க்குள்ள இருக்கிற பட்டைக் குச்சி) லீச், அதாவது பாயோட பின்விளிம்பு, காத்து அழுத்தறப்ப திறக்குது, குறைஞ்சா மூடுது. இத்தனை நாள் அது அசையவே இல்ல, நானும் கவனிக்கல. கோச் படகுல இருந்து கத்தினார், "கயிறைப் பார்க்காதம்மா, லீச்சைப் பாரு!"

ஜனவரி 11
பை த லீ, பாய் இருக்கிற பக்கத்துலேர்ந்தே காத்தை வாங்கிப் போறது. லைட்ஹவுஸைப் பார்த்து நேரா போனா பாய் காத்துக்கு நடுவுல முறம் மாதிரி சும்மா நிக்குது. கொஞ்சம் திருப்பினா காத்து லீச் வழியா உள்ள வந்து மாஸ்ட் பக்கமா வெளிய ஓடுது, போட்டை என் பக்கமா சாய்ச்சதும் டில்லர் (சுக்கான் பிடி) கையில கனமே இல்ல, ரெண்டு விரல் போதும். அலை பின்னாடி தூக்கறப்ப ஷீட்ல ஒரு இழுப்பு, இறங்கறப்ப பக்கத்து பள்ளத்தைத் தேடி மறுபடி திருப்பணும். ஒரு அலைக்கு ஒரு இழுப்புதான், ரெண்டாவது இழுத்தா விசில், மஞ்சக் கொடி, தண்டனையா ரெண்டு சுத்து. அலையில சறுக்கறப்ப போட் அடியில ஒரு ரீங்காரம் வருது பாருங்க, அப்பாகிட்ட அதைச் சொல்லணும்னு தோணுச்சு, விசிட்டிங் டைம் முடிஞ்சிடுச்சு.

ஜனவரி 14
போகி. புகை நேரா மேல போகுது. காத்தே இல்ல.

ஜனவரி 15
அம்மா போன் எடுக்கல. ரெண்டு விரலா ரெண்டரையா?

ஜனவரி 17
முதல் ரேஸ். மேல் மார்க்ல அஞ்சாவது, கீழ் மார்க்ல ரெண்டாவது! வேங் கயிறை எவ்வளவு விட்டேன்னு கேட்டா தெரியாது, கோட்டைப் பார்க்கவே இல்ல, லீச் மட்டும்தான் கண்ணுல இருந்துச்சு. ஒரு தடவை போட் ஆடுச்சு, ஷீட்டை ஒரு முழம் இழுத்ததும் நின்னுடுச்சு.

ஜனவரி 18
அம்மா மெசேஜ். ரிப்போர்ட் வந்துடுச்சாம், ரேஸ் முடிச்சிட்டு கூப்பிடுன்னு. வடகிழக்குல 14 நாட் காத்து. ஒரு மணிக்கு ஸ்டார்ட்.