153 ஆம்ஸ்ட்ராங் எண் இல்லையாம்!

முதலாமாண்டு கம்ப்யூட்டர் லேப் தேர்வில் சீட்டை எடுத்துப் பிரிக்கும் பையன் முகத்தில் சிரிப்பு வந்தால், உள்ளே பெரும்பாலும் 'கொடுத்த எண் ஆம்ஸ்ட்ராங் எண்ணா என்று பார்' என்கிற புரோகிராம் இருக்கும். மெட்ரிக்ஸ் பெருக்கல் வந்தவன் இவனைப் பொறாமையோடு பார்ப்பான். பத்துப் பதினைந்து வரிதானே, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு கேன்டீன் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு. கொஞ்ச நேரத்தில் அதே இருக்கையிலிருந்து குரல் வரும்: "சார், 153-ஐயே இல்லைன்னு சொல்லுது சார்!"

கணக்கு என்னவோ எளிதுதான். மூன்று இலக்க எண்ணில் ஒவ்வொரு இலக்கத்தையும் மும்மடி எடுத்துக் கூட்டினால் அதே எண் திரும்பி வரவேண்டும். 153-க்கு 1 + 125 + 27. சரியாக வருகிறது. மூன்று இலக்கத்தில் இப்படி நான்கே நான்குதான்: 153, 370, 371, 407. நிலாவுக்குப் போனவருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அவரை இழுத்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே கணித அறிஞர் ஹார்டி, 1940-இல் இந்த நான்கு எண்களையும் குறிப்பிட்டு, பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்கு வேண்டுமானால் பொருந்தும், கணித அறிஞரைக் கவர இதில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டார். நம் ஊர் லேப் மேனுவல்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

செய்முறை இது. எண்ணை 10-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் கடைசி இலக்கம் கைக்கு வரும். அதன் மும்மடியை மொத்தத்தில் சேர்க்க வேண்டும். பிறகு எண்ணை 10-ஆல் வகுத்து ஈவை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த இலக்கம் கழன்றுவிடும். எண் 0 ஆகும்வரை வைல் லூப்பில், அதாவது நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் வரிகளில், இதே வேலை. 153-க்கு முதல் சுற்றில் மீதி 3, மொத்தம் 27, எண் 15. இரண்டாவதில் மீதி 5, மொத்தம் 152, எண் 1. மூன்றாவதில் மீதி 1, மொத்தம் 153, எண் 0. லூப் நின்றது.

நின்றது சரி, அப்புறம் ஏன் இல்லை என்கிறது? பழகிய லேப் அசிஸ்டென்ட் இதற்காக புரோகிராமைப் படித்துக்கொண்டு நிற்கமாட்டார். நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி ஒரே ஒரு கேள்விதான்: "0 போட்டுப் பாருப்பா."

பையன் 0 போடுவான். "ஆம்ஸ்ட்ராங் எண்" என்று வரும். உலகத்தில் வேறு எந்த எண்ணுக்கும் வராது. "நகல் எடுக்கல" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சிஸ்டத்துக்குப் போய்விடுவார். விஷயம் இதுதான்: லூப் எண்ணைக் கடைசி இலக்கம்வரை தின்றுவிட்டு 0-வில் நிற்கிறது. கடைசியில் 'மொத்தமும் எண்ணும் சமமா' என்று கேட்டால் அது 153-ஐயும் 0-வையும் ஒப்பிடுகிறது. லூப்புக்கு முன்பே எண்ணை இன்னொரு வேரியபிளில் (மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா) நகல் எடுத்து வைத்து, அந்த நகலோடுதான் ஒப்பிட வேண்டும்.

திருத்தும் அவசரத்தில் அடுத்த கூத்து. இப்போது 153 ஆம்ஸ்ட்ராங், 154 ஆம்ஸ்ட்ராங், பஸ் நம்பரைக் கொடுத்தாலும் ஆம்ஸ்ட்ராங். ஒப்பிட்டுப் பார்க்கும் இஃப் வரிக்குள் இரண்டு சமக்குறி போடவேண்டிய இடத்தில் ஒன்று போட்டிருப்பான். சி மொழியில் ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது. நகலின் மதிப்பை மொத்தத்தில் தூக்கி வைக்கும். வைத்த மதிப்பு 0 இல்லாவிட்டால் 'உண்மை' என்று எடுத்துக்கொள்ளும். முந்தைய புரோகிராம் 0-வை மட்டும் உள்ளே விட்டது, இது 0-வை மட்டும் வெளியே தள்ளும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், 153 மட்டும் கொடுத்துப் பார்த்தால் இவனுக்கு முழு மதிப்பெண். அதனால்தான் விவரமான எக்ஸ்டர்னல் 153-ஐத் தொடுவதே இல்லை, 154-தான் கேட்பார்.

மொத்தம் 8 என்று வருகிறதா? அப்படியானால் மும்மடிக்குக் கூரைக்குறி (^) போட்டிருக்கிறான். கால்குலேட்டர் பழக்கம். சி-யிலும் பைத்தானிலும் அது அடுக்கு இல்லை, பிட்டுகளை ஒப்பிடும் எக்ஸார். 3-க்கும் 3-க்கும் எக்ஸார் 0, 5-க்கும் 3-க்கும் 6, 1-க்கும் 3-க்கும் 2. ஆக 8. கம்பைலர் (எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் இதில் கொடுமை.

கூரைக்குறி வேலைக்கு ஆகாது என்று தெரிந்தவன் அடுக்கு கணக்கிடும் 'பவ்' ஃபங்ஷனுக்குப் போவான். லினக்ஸ் மெஷினில் கம்பைல் செய்யும்போது கடைசியில் 'மைனஸ் எல்எம்' (-lm) சேர்க்காவிட்டால் பவ் எங்கே என்று, புரோகிராமின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் கேட்கும். அது பரவாயில்லை, வாய்விட்டாவது சொல்கிறது. விண்டோஸில் சில பழைய கம்பைலர்களில் நடப்பதுதான் அநியாயம். பவ் தருவது தசம எண். 5-இன் மும்மடி 125-க்கு ஒரு மயிரிழை குறைந்து 124.9999 என்கிற ரீதியில் வரும். அதை, முழு எண் மட்டும் பிடிக்கும் இன்ட் வேரியபிளில் போட்டால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டு 124. மொத்தம் 152. அதே புரோகிராம் பக்கத்து சிஸ்டத்தில் சரியாக ஓடும். பையன் சிஸ்டத்தைத் திட்டுவான், சிஸ்டம் அட்மின் பையனைத் திட்டுவார். மீதியை மூன்று முறை பெருக்கி எழுதினால் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

பைத்தான்காரர்களுக்குத் தனி விசேஷம். அங்கே ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் 153 அடுத்த சுற்றில் 15 ஆகாது, 15.3 ஆகும். அப்புறம் 1.53, 0.153... எண் 0-வை விடப் பெரிதாகவே இருப்பதால் லூப் நிற்காது. தசமம் இனிமேல் சின்னதாக முடியாது என்ற நிலை வந்து 0 ஆவதற்கு முந்நூறு சுற்றுக்கு மேல் ஆகும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் பையனுக்கு அது தெரியாது. மொத்தம் 179.46 என்று வந்து நிற்கும். முழு எண்களின் மும்மடியைக் கூட்டினால் புள்ளி எங்கிருந்து வந்தது என்று யோசித்தாலே போதும், இரட்டைச் சாய்கோடு ஞாபகம் வந்துவிடும்.

ஒன்றுமே வராமல் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால் இரண்டே காரணம்தான். எண்ணை 10-ஆல் வகுக்கும் வரியை விட்டிருக்க வேண்டும், அல்லது வைல் வரியின் கடைசியில் ஒரு செமிகோலன் உட்கார்ந்திருக்க வேண்டும். செமிகோலன் இருந்தால் லூப்புக்கு உடம்பே கிடையாது. வெறும் நிபந்தனையை விடிய விடியச் சோதித்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வரலாம். மானிட்டரை ஆஃப் செய்வதால் பிரயோஜனமில்லை.

மொத்தத்துக்கு 0 வைக்க மறந்தவன் கதைதான் பாவம். சி-யில் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன குப்பை கிடந்ததோ அதுதான் ஆரம்ப மதிப்பு. சில நேரம் அந்தக் குப்பையே 0-வாக இருந்து தொலைக்கும். தனியாக ஓட்டும்போது சரியாக வரும்; எக்ஸ்டர்னல் வந்து பின்னால் நின்றதும் ஏதோ ஏழு இலக்க எண் வரும். "இவ்ளோ நேரம் வந்துச்சு சார்" என்று அவன் சொல்வது சத்தியம். நம்பத்தான் ஆள் இருக்காது.

1-லிருந்து 1000 வரை உள்ளவற்றை அச்சிடச் சொல்லும் வகையில் இந்த 0 இன்னும் முக்கியம். அதை, ஒவ்வொரு எண்ணாக எடுத்துத் தரும் வெளி ஃபார் லூப்புக்கு மேலே ஒரே முறை வைத்தால் முந்தைய எண்களின் பாக்கியெல்லாம் மொத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். திரையில் 1 மட்டும் வந்து நின்றுவிடும். வெளி லூப்புக்குள், வைலுக்கு முந்தைய வரியில் வைத்தால் 1, 153, 370, 371, 407 என்று ஐந்தும் வரும். 2 முதல் 9 வரை ஏன் வரவில்லை என்று வைவாவில் கேட்டால், எத்தனை இலக்கமோ அத்தனை அடுக்கு எடுப்பதுதான் முழு விதி, நாம் எல்லாவற்றுக்கும் மும்மடியே போட்டிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதே காரணத்தால் 1634-ஐயும் இந்த புரோகிராம் கோட்டைவிடும்: நான்கடுக்கில் 1 + 1296 + 81 + 256 கச்சிதம், மும்மடியில் வெறும் 308.

மூன்று இலக்கம் மட்டும் போதுமென்றால் வகுத்தலே இல்லாத வழியும் உண்டு. நூறாமிடத்துக்கு 1 முதல் 9, மற்ற இரண்டுக்கும் 0 முதல் 9 என்று மூன்று ஃபார் லூப். 900 சுற்று. நூறாமிடத்தை 100-ஆலும் பத்தாமிடத்தை 10-ஆலும் பெருக்கி ஒன்றாமிடத்தோடு கூட்டினால் எண், மூன்றின் மும்மடியையும் கூட்டினால் மொத்தம். நகலும் வேண்டாம், மீதியும் வேண்டாம். இப்படி எழுதிப் பார்த்தால் 370-உம் 371-உம் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதும் புரியும். ஒன்றாமிடம் 0-விலிருந்து 1 ஆகும்போது எண்ணும் 1 கூடுகிறது, மும்மடியும் 1-தான் கூடுகிறது.

இத்தனைக்கும் மேலே ஒரு மகான் கடைசி பெஞ்சில் இருப்பான். லூப் கிடையாது, வேரியபிள் கிடையாது. 153, 370, 371, 407 என்று நான்கு பிரின்ட் வரி. அவுட்புட்டில் ஒரு குறை சொல்ல முடியாது, மற்ற எல்லோரையும் விட வேகமாகவும் ஓடும். எக்ஸ்டர்னல் சந்தேகப்பட்டு "9999 வரைக்கும் மாத்துங்க" என்பார். அவன் 1634, 8208, 9474 என்று இன்னும் மூன்று வரி சேர்ப்பான். "99999?" என்றால் 54748, 92727, 93084. பழைய கம்பைலரான டர்போ சி-யில் ஒழுங்காக லூப் போட்டவனுக்கு இன்ட் 32767-ஐத் தாண்டாமல் 54748 என்பது -10788 ஆகி நிற்கும். இவன் எழுத்தாக அச்சிடுவதால் அந்தத் தொல்லையும் இல்லை. அவன் கவலைப்படவும் வேண்டாம். மொத்தமே 88 எண்கள்தான். கடைசி இரண்டு எண்களுக்கும் 39 இலக்கம்.