தாய்வழி மரமும் உட்கரு மரமும்: ஆய்வுக்கூட நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

சிங்கப்பூர்க் குடியிருப்புப் பேட்டைகளில் பிடிபட்ட கருப்பெலிகளின் திசுத் துணுக்குகளிலிருந்து, மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) சைட்டோகுரோம் பி மரபணுவையும் உட்கருவிலுள்ள ஐஆர்பிபி என்ற மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படித்து, எலிகளின் உறவைக் காட்டும் மரம் வரையும் வேலை தொடங்கியது. எலியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஏறத்தாழ 16,300 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள்) கொண்ட ஒரு வளையம். அதிலுள்ள 37 மரபணுக்களும் தாயிடமிருந்து ஒரே தொகுப்பாக இறங்கி வருவதால், அவற்றில் எத்தனையை எடுத்துப் படித்தாலும் கிடைப்பது ஒரே வம்சாவளிதான். இரண்டாவது சாட்சியை உட்கருவில்தான் தேட வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

ஒரு மாதிரியின் சைட்டோகுரோம் பி வரிசையை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிற முகடாகக் காட்டும் வரைபடத்தில், பல இடங்களில் நீல முகட்டின் அடியிலேயே சிவப்பு முகடு ஒன்றும் எழுந்திருந்தது. ஐஆர்பிபியில் இப்படி இருந்தால், தாயும் தந்தையும் தந்த நகல்கள் வேறுபடுகின்றன என்று கடந்து போயிருப்பேன். மைட்டோகாண்ட்ரியாவில் அது சந்தேகத்துக்குரியது. பரிணாமத்தின் போக்கில் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு செயலிழந்த மைட்டோகாண்ட்ரியாத் துண்டும், மரபணுவை ஆய்வுக்கூடத்தில் நகலெடுத்துப் பெருக்கியபோது சேர்ந்து பெருகியிருக்கலாம். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரிய குறியீட்டு அட்டவணையைக் கொண்டே படித்தும் (உட்கருவில் புரத உருவாக்கத்தை நிறுத்தச் சொல்லும் நிறுத்தற்குறியாக இருக்கும் டிஜிஏ என்ற மூவெழுத்து இங்கே டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும்) நடுவில் ஒரு நிறுத்தற்குறி குறுக்கிட்டது; செயல்படும் மரபணுவின் நடுவில் அப்படி வராது. போலி நகல்கள் பெரும்பாலும் குட்டையானவை என்பதால், நீளமான துண்டாகப் பெருக்கிப் பார்க்கும்படி எங்கள் மூத்த ஆய்வாளரான அக்கா சொன்னார்.

மார்ச் 13, புதன்

தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் கருப்பெலிகளைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வை மீண்டும் படித்தேன். மைட்டோகாண்ட்ரியா மூன்று தெளிவான கிளைகளைக் காட்டுகிறது. ஐஆர்பிபியோ ராட்டஸ் டனெசுமி என்ற கருப்பெலி இனத்தையும் ‘ஆர்3’ என்ற கிளையையும் பிரித்துக் காட்டவில்லை. ஐஆர்பிபி மெதுவாக மாறும் மரபணு, ஆகவே பிரிவு அதில் இன்னும் பதியவில்லை என்று வாதிடலாம். ஆனால் விரைந்து மாறும் எட்டு நுண்துணைக்கோள் குறிகளும் (மைக்ரோசாட்டிலைட்: உட்கரு டிஎன்ஏவில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்), உடலளவுகளும் அந்த இரண்டையும் பிரிக்காதபோது அந்த வாதம் வலுவிழக்கிறது. பழைய தாய்வழிகள் ஒரே இனத்துக்குள் எஞ்சியிருக்கலாம், அல்லது இனக்கலப்பில் ஒரு தாய்வழி உள்ளே நுழைந்திருக்கலாம். பின்னதற்கு முன்மாதிரி உண்டு: உட்கருவின்படி மஸ் மஸ்குலஸ் மஸ்குலஸ் துணையினமாக இருக்கும் ஸ்காண்டிநேவிய வீட்டுச் சுண்டெலிகளில் டொமெஸ்டிகஸ் துணையினத்தின் மைட்டோகாண்ட்ரியா இருப்பதை 1983இலேயே காட்டிவிட்டார்கள். என் கணிப்பில், தாய்வழிக் கிளையை மட்டும் பார்த்துப் புதிய இனம் என்று பெயர் சூட்டுவது அவசரம்.

மார்ச் 18, திங்கள்

கினிப்பன்றி கொறிணியே (எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்கு) அல்ல என்று 1996இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, முழு மைட்டோகாண்ட்ரியா வரிசைகளைத்தான் ஆதாரமாகக் கொண்டிருந்தது. தரவு முழுமையானதே, ஒப்பிட்ட இனங்கள்தான் சொற்பம். கூடுதல் இனங்களும் உட்கரு மரபணுக்களும் சேர்ந்தபின் கினிப்பன்றி கொறிணிகளிடமே திரும்பி வந்தது. எனவே மரம் வரைவதற்கு முன், வயலெலி, பசிபிக் எலி ஆகியவற்றின் இரு மரபணு வரிசைகளையும் பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி எங்கள் அட்டவணையில் சேர்த்திருக்கிறேன்.