நெறிக்கட்டியில் ஊசி பரிசோதனை: என் அனுபவம்

கழுத்தில் வலது பக்கம் கோலிக்குண்டு அளவில் ஒரு நெறிக்கட்டி. வலி இல்லை, இருமல் இல்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும், அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கரையாததால் எஃப்.என்.ஏ.சி (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சிப் பார்ப்பது) எடுக்கச் சொன்னார் டாக்டர். அவருக்கு டி.பி. (காசநோய்) சந்தேகம். என் பயமெல்லாம் புற்றுநோயாக இருக்குமோ என்றுதான்.

மல்லாக்கப் படுக்க வைத்து முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொன்னார்கள். மரத்துப்போக மருந்து எதுவும் போடவில்லை. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி. கட்டி நழுவாமல் இரண்டு விரலால் பிடித்துக் குத்தி, உள்ளேயே முன்னும் பின்னும் அசைத்தார்கள். "எச்சில் விழுங்காதீங்க" என்றதும்தான் தொண்டை விழுங்கத் துடித்தது. சில வினாடிகள்தான். ஊசியிலிருந்து வெளுத்த, கெட்டியான துளி ஒன்று கண்ணாடி ஸ்லைடில் விழுந்தது. இன்னொரு ஸ்லைடை வைத்து அதைத் தேய்த்துப் பரப்பினார்கள்.

ரிப்போர்ட்டில் 'கிரானுலோமா உள்ளது, கிருமி தென்படவில்லை' என்றிருந்தது. கிரானுலோமா என்றால் நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு உண்டாகும் சிறு முடிச்சு. டி.பி. இல்லை என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். அது தப்பு. நெறிக்கட்டியில் கிருமிகள் குறைவாகவே இருக்கும், சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பல சமயம் சிக்காது. கிரானுலோமாவை வைத்தும் முடிவு செய்ய முடியாது, வேறு சில நோய்களிலும் அது வரும். ஜீன்எக்ஸ்பர்ட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் மெஷின் பரிசோதனை) பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் எடுத்ததெல்லாம் ஸ்லைடிலேயே தீர்ந்துபோயிருந்தது. மறுபடியும் ஊசி!

முதல் நாளே ஒரு துளியைச் சலைனில் எடுத்து வைத்திருந்தால் எனக்கு ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. நீங்கள் ஊசிக்குப் படுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும் தனியாக எடுக்கிறீர்களா?" கல்ச்சர் என்றால் லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அப்படி எடுத்த துளியை ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போடக் கூடாது, கிருமி செத்துவிடும், கல்ச்சரில் வளராது.

மெஷினுக்கு இரண்டு மணி நேரம் போதும். அன்றே தெரிந்துவிட்டது: டி.பி.தான், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டி.பி. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி. கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகலாம் என்பதால் அதற்குக் காத்திராமல் மாத்திரை தொடங்கினார்கள். ஆறு மாதக் கோர்ஸ்.

அந்த ஒன்பது நாளும் என் மகளைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. நுரையீரலில் இல்லாமல் நெறிக்கட்டியில் மட்டும் இருக்கும் டி.பி. மூச்சுக்காற்றில் பரவாது என்று டாக்டர் சொன்னார். நம்பாமல் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அன்று ராத்திரி அவள் என் பக்கத்தில்தான் தூங்கினாள்.